பிளாட்டினம் ஏறிய விரல்கள்

முதல் மருந்து ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே என் வீட்டுக்காரர் மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றார். மீசையை மட்டும் விட்டுவைத்திருந்தார். நான் தையல் மெஷினில் குனிந்து ஒரு பிளவுசுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தவள், யாரோ பேண்ட் நீளம் குறைக்கக் கொடுக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"எப்பிடியும் கொட்டத்தானே போவுது. அதான் முன்னாடியே எடுத்துட்டேன். பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்," என்றார்.

ஓசூர் சிப்காட்டில் வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்து நாலு வருஷமாகத் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. மெஷின் கெட்டுப்போவதற்கு முன்பே எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி வைப்பதற்கு அங்கே அந்தப் பெயர். வீட்டிலும் அதே பாஷைதான். எங்கள் கல்யாணத்தையே அவர் ஒரு நாள் 'லாங் டேர்ம் சப்ளை' என்று சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மொட்டைத் தலையோடு தெருவில் போனால் கோயிலில் பார்க்கும் சனங்கள் சும்மா விடுவார்களா? "வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்கள். நோயைப் பற்றி யாரிடமும் சொல்ல மனமில்லாமல் ஒருவரிடம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். அந்த அம்மாள் சாயங்காலமே ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக்கொண்டு, மாதா கோயில் எண்ணெயில் கொஞ்சம் கொடுங்கள் என்று வாசலில் வந்து நின்றாள். நான்தான் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினேன்.

இதெல்லாம் போதாதென்று, ஆஸ்பத்திரியில் நர்சம்மா அவர் தலையைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இந்த மருந்துல முடி அவ்வளவா கொட்டாது சார். கொஞ்சம் அடர்த்தி குறையும், அவ்வளவுதான்." என்னவோ நான்தான் அவரைச் சலூனுக்குத் தள்ளிக்கொண்டு போன மாதிரி இவர் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

அவருக்குப் பெருங்குடலில் கட்டி. அறுத்து எடுத்தாயிற்று. ஆனால் பக்கத்தில் இருந்த நெறிக்கட்டிகளில் இரண்டில் அது எட்டிப் பார்த்திருந்தது. அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு டிரிப், நடுவில் மாத்திரை, மொத்தம் எட்டு டிரிப் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். டிரிப்பில் ஏறும் மருந்தின் பெயர் ஆக்ஸாலிபிளாட்டின். பெயரைக் கேட்டதும் நான் பயந்தேன். அவர் அந்தக் காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"பிளாட்டின்னா பிளாட்டினம். சைலன்சர்ல புகையைச் சுத்தம் பண்ண வெப்பாங்களே, அதே மெட்டல்தான். நல்ல சரக்கு," என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு கல் வைத்த தோடு வாங்கிக் கொடுக்க யோசித்த மனிதர், தனக்கு மட்டும் பிளாட்டினமாக ஏற்றிக்கொள்ளப் போகிறார் என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். எனக்குப் பயம் வந்தால் வாய் நீளும். அந்த வாரம் முழுக்க என் வாய் ரொம்ப நீளமாக இருந்தது.

அவருடைய கட்டைவிரலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இரும்பையோ அலுமினியத்தையோ வெட்டினால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூர் நிற்கும். பிசிறு என்பார்கள். கருவி வைத்து அளந்து கண்டுபிடிப்பதை அவர் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டியே சொல்லிவிடுவார். கம்பெனியில் அவருக்கிருந்த மரியாதையில் பாதி அந்த விரலுக்குத்தான். வீட்டில் அதே விரல் எனக்குத் தலைவலி. ஓசூர் பஜாரில் பாத்திரக் கடைக்கு அவரோடு போனால் ஒரு டம்ளர் வாங்க ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொன்றையும் எடுத்து, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, "பிசிறு இருக்குது" என்று திருப்பி வைப்பார். கடைக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே உள்ளே போய்விடுவார். நான் சலித்துக்கொள்வேன். உதட்டை வைத்துக் குடிக்கிற பாத்திரத்துக்கு இவ்வளவு பரீட்சையா என்று கேட்டால், உதட்டை வைக்கிறதால்தான் என்பார்.

முதல் டிரிப்புக்குப் பெங்களூர் பஸ்ஸில் போனோம். அத்திப்பள்ளி தாண்டியதும் அவர் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"இந்தா, ஒண்ணு சொல்றேன் கேளு. அங்க நர்சு, டாக்டரு யார் கேட்டாலும் கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லணும். நாமளா எதையும் எடுத்துக் குடுக்கக் கூடாது."

இது அவர்கள் கம்பெனியில் ஆடிட் நாளில் சொல்லிக்கொடுக்கும் பாடம். பெரிய வண்டிக் கம்பெனியிலிருந்து சோதிக்க ஆள் வருகிறார் என்றால் தரையில் மஞ்சள் கோட்டைப் புதிதாக அடிப்பார்கள். தள்ளிவைத்த சரக்கையெல்லாம் பின்பக்கம் கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். வேலை செய்கிறவர்களிடம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல், சிரித்த முகமாக இரு என்பார்கள். அந்த இரண்டு நாள் அங்கே ஒரு குறையும் இருக்காது. ஆடிட்டர் போனதும் தார்ப்பாய் விலகும். இந்தக் கதையை அவர் எத்தனையோ முறை சொல்லி நான் சிரித்திருக்கிறேன். அன்றைக்குப் பஸ்ஸிலும் சிரித்துத் தொலைத்தேன்.

மருந்து ஏறி முடிந்ததும் நர்சம்மா எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். இந்த மருந்துக்குக் குளிர்ச்சி ஆகாது. குளிர்ந்த தண்ணீர் குடிக்கக் கூடாது, ஃபிரிட்ஜில் கை வைக்கக் கூடாது, காலையில் வெறும் காலோடு தரையில் நடக்கக் கூடாது, வெளியே போனால் மூக்கையும் வாயையும் துணியால் மூட வேண்டும். மீறினால் விரலில் மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும், தொண்டை அடைப்பது போல் இருக்கும். சில நாளில் அது தணிந்துவிடும். ஆனால் டிரிப் ஏற ஏற, கை காலில் மரமரப்பு தங்க ஆரம்பிக்கலாம். பட்டன் போட முடியாமல் போனாலோ, பேனா பிடிக்க முடியாமல் போனாலோ, செருப்பு கழன்றது தெரியாமல் போனாலோ உடனே சொல்ல வேண்டும். அதைத் தமிழில் ஒரு முறை, கன்னடத்தில் ஒரு முறை சொன்னார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எந்தப் பாஷையில் சொன்னால் ஏறும் என்று அவருக்கே சந்தேகம் போல.

வீட்டுக்கு வந்த அன்றே ஃபிரிட்ஜ் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. 'தொடாதே. ஆள் வேலையில் உள்ளார்.' மெஷினுக்குள் ஆள் இருக்கும்போது சுவிட்சில் மாட்டும் அட்டை அது. அதற்குப் பக்கத்தில் அவரே கோடு போட்டு ஒரு செக் ஷீட் ஒட்டினார். காய்ச்சல், வாந்தி, பேதி, வாய்ப்புண், கை கால் மரமரப்பு என்று இடதுபக்கம் வரிசை, மேலே தேதி. கட்டத்துக்குள் 'ஓகே' அல்லது 'நாட் ஓகே'. தினமும் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே நிரப்பிக் கீழே கையெழுத்தும் போடுவார். நோயாளியும் அவரே, பரிசோதகரும் அவரே. அந்த ஏற்பாட்டில் என்ன ஓட்டை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் அக்கா தளியில் இருக்கிறாள். கீமோ என்றால் உடம்பு சூடு என்பது அவளுடைய கட்சி. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் மார்புப் புற்றுக்கு மருந்து எடுத்துக்கொண்ட ஒரு அம்மாளுக்கு, மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் போட்டுச் சப்பக் கொடுத்தார்களாம். "அவங்களுக்கு வாயே பொத்துப் போவல தெரியுமா? இவருக்கும் அப்பிடிக் குளுகுளுன்னு குடு. இல்லன்னா தளிக்கு அனுப்பு, நல்ல சில்லுனு காத்து," என்று போனில் சொன்னாள். நான் நர்சம்மா சொன்னதைச் சொன்னேன். "அதெல்லாம் அவங்க சொல்லுவாங்க," என்றாள்.

இரண்டாவது டிரிப் முடிந்த மறுநாள் அக்கா நேரில் வந்தாள். நான் கடைவரை போய் வருவதற்குள், ஃபிரிட்ஜில் இருந்த மோரை எடுத்து ஒரு டம்ளர் ஊற்றி இவர் கையில் கொடுத்துவிட்டாள். சிவப்பு அட்டை அவளைத் தடுக்கவில்லை. அட்டையைப் படித்தபிறகுதான் கதவைத் திறந்தாளாம். அவரும் மரியாதைக்கு ஒரு வாய் குடித்திருக்கிறார். டம்ளர் கீழே விழுந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு உள்ளே போகாத மாதிரி விழிக்கிறார். அக்கா அந்தோணியாரைக் கூப்பிடுகிறாள். நான் உள்ளே வந்தபோது கண்ட காட்சி இதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்சம்மா பதறவில்லை. பேச முடிகிறதா, உதடு நீலமாகிறதா என்று கேட்டார். இவர் பேசினார், அதுவும் அக்காவைப் பற்றித்தான் பேசினார். மூச்சு நின்ற மாதிரி தோன்றும், ஆனால் நிற்கவில்லை, வெதுவெதுப்பான தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள், தணியவில்லையென்றால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் தணிந்தது. அக்கா அழுதாள். அன்றைக்குத்தான் எனக்கும் ஒன்று புரிந்தது. கீமோ என்பது ஒரு மருந்து இல்லை. ஊரில் இருக்கிற எல்லாப் பஸ்ஸையும் பஸ் என்றுதான் சொல்கிறோம்; கெலமங்கலம் பஸ்ஸில் ஏறிக்கொண்டு கிருஷ்ணகிரியில் இறக்கிவிடச் சொன்னால் நடக்குமா? ஒருவருக்கு ஐஸ் கொடுக்கச் சொல்கிற வைத்தியம்தான் இன்னொருவருக்கு மோரைத் தொடாதே என்கிறது.

அதோடு எவர்சில்வர் டம்ளரும் வீட்டில் மறைந்தது. காலையில் அதைத் தொட்டாலே அவருக்கு விரலில் சுரீர் என்றது. பிளாஸ்டிக் டம்ளர் வந்தது. மார்கழிக் குளிரில் கையுறை, குல்லாய், காலுறை, வாயைச் சுற்றி மப்ளர் என்று நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பால் ஊற்றும் ரெட்டிக்காரர் பாலைக் கொடுத்துவிட்டு, "ஐயா எங்க, காஷ்மீருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

மூன்று, நான்கு, ஐந்து என்று டிரிப் ஏறியது. ஒவ்வொரு முறையும் டிரிப்புக்கு முன்னால் நர்சம்மா அதே கேள்விகளைக் கேட்பார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்த முகமாக, நர்சம்மாவின் கன்னடத்திலேயே "ஏனூ தொந்தரே இல்ல சிஸ்டர், எல்லா சென்னாகிதே" என்பார். ஒரு தொந்தரவும் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது. செக் ஷீட்டை நீட்டுவார். வாந்தி கட்டத்தில் அங்கங்கே 'நாட் ஓகே' இருக்கும். மரமரப்பு வரிசையில் ஒரு பிசகு கிடையாது. இப்படி எழுதிவைக்கும் நோயாளியைப் பார்த்ததே இல்லை என்று நர்சம்மா புகழ்ந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஐந்தாவதுக்கு அப்புறம் ஒரு நாள் அவர் தன் சட்டை நான்கைக் கொண்டுவந்து என் மெஷின் மேல் போட்டார். பட்டனை எடுத்துவிட்டு பிரஸ் பட்டன் வைத்துக் கொடு என்றார்.

"என்னாத்துக்கு?"

"இப்ப அதான் ஃபேஷன்."

இந்த மனிதருக்கு ஃபேஷன் என்றால் சட்டை கிழியாமல் இருப்பது. இருந்தாலும் வைத்துக் கொடுத்தேன். தையற்காரியின் புத்தி வேலையைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

அடுத்த ஞாயிறு பூசையில், நற்கருணை வாங்கப் போன வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். கையை நீட்டித்தான் அவர் எப்போதும் அப்பத்தை வாங்குவார். நாக்கை நீட்டுவது சின்னப் பிள்ளைத்தனம் என்பார். அன்றைக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். பக்தி கூடிவிட்டது போல என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

பூசை முடிந்து நடந்து வந்தோம். அவர் முன்னால், நான் இரண்டடி பின்னால். தெருமுனையில் சாக்கடை மூடியைத் தாண்டும்போது அவருடைய இடதுகால் செருப்பு கழன்று நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. சரி, எவ்வளவு தூரம் போகிறார் பார்ப்போம் என்று வேடிக்கையாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். ஜல்லி கொட்டியிருந்த இடத்தைத் தாண்டினார். இஸ்திரி வண்டியைத் தாண்டினார். இஸ்திரிக்காரரிடம் நின்று நாலு வார்த்தை பேசினார். வெயிலில் காய்ந்த தார் மேல் அவருடைய வெறும் கால் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. பாதி வழியிலேயே என் சிரிப்பு போய்விட்டது. செருப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தவர், ஒரு காலைப் பார்த்தார், இன்னொரு காலைப் பார்த்தார். பிறகு திரும்பி என் கையைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

உள்ளே போய் உட்கார்ந்துதான் பதில் சொன்னார். நாலாவது டிரிப்பிலிருந்தே விரல் நுனி தன்னுடையதாக இல்லையாம். மணலைத் தொட்டுக்கொண்டே இருப்பது போல் இருக்கிறதாம். எதைத் தொட்டாலும் அந்த மணல்தான். பட்டன் பிடிபடவில்லை. அப்பத்தைக் கையில் வாங்கினால் கீழே விட்டுவிடுவோமோ என்ற பயம். இவ்வளவையும் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கிறார்.

"நர்சு ஒவ்வொரு வாட்டியும் கேக்குதே. ஏன் சொல்லல?"

"சொன்னா டோஸைக் குறைப்பாங்க. இல்ல நிறுத்திடுவாங்க. எட்டுன்னா எட்டு போடணும். அஞ்சுல நிறுத்தினா அது உள்ள இருந்து திரும்ப வரும். கை போனாப் போவுது, நான் இருக்கணுமில்ல?"

அவர் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கும் வேறென்ன வேண்டும்? "நீ ஒண்ணியும் சொல்லிடாத," என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று அவர் கவனிக்கவில்லை.

அந்த வாரம் மெஷின் முன்னால் உட்கார்ந்து அதையே போட்டுக் குழப்பிக்கொண்டேன். சொன்னால் மருந்து நின்று, நோய் திரும்பிவிடுமோ? சொல்லாவிட்டால் அந்த விரல்கள் அப்படியே போய்விடுமோ? அவர் கணக்கில் கை போனால் பரவாயில்லை. நடந்துபோகிற காலும் போனால்? தரையைத் தொடுவதே தெரியாத காலால் படியில் இறங்கி விழுந்தால்? எதைச் செய்தாலும் தப்பாகிவிடும் போல் இருந்தது. கடைசியில் ஒன்று மட்டும் தோன்றியது. இதை முடிவு செய்யத் தெரிந்தவர் நானும் இல்லை, அவரும் இல்லை. தெரிந்தவரிடமே போய், பொய்க் காகிதத்தை நீட்டுவது என்ன புத்தி?

ஆறாவது டிரிப்புக்கு முந்தைய நாள் சாயங்காலம் அவர் போட வேண்டிய சட்டையை எடுத்து, பிரஸ் பட்டனைப் பிரித்துவிட்டு, பழைய பட்டனையே வைத்துத் தைத்தேன். காலையில் அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். நான் மாட்டி வைத்திருந்த பட்டன்களோடு பனியனைப் போல் தலைவழியாகப் போட்டுக்கொண்டார். மேல் பட்டன் ஒன்றை மட்டும்தான் அவிழ்த்து வைத்திருந்தேன்.

நர்சம்மா வழக்கம்போல் கேட்டார். "எல்லா சென்னாகிதே" என்றார் இவர்.

"சிஸ்டர், அந்த மேல் பட்டனைப் போடச் சொல்லுங்க," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். நர்சம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். வேறு வழியில்லாமல் இவர் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டனைத் தேடின. பிடித்தன, நழுவவிட்டன, துணியைப் பிடித்துக்கொண்டு அதைப் பட்டன் என்று நினைத்தன. வியர்த்துவிட்டது அவருக்கு. மஞ்சள் கோடு, புது பெயிண்ட் எல்லாம் அந்த ஒரு பட்டனுக்கு முன்னால் உதிர்ந்து போயிற்று. நானே எழுந்து போய்ப் போட்டுவிடலாம் என்று கை துடித்தது. போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா வந்தார். கண்ணை மூடச் சொல்லி அவர் உள்ளங்கையில் ஒரு பொருளை வைத்தார். விரலால் உருட்டிப் பார்த்து என்னவென்று சொல்லச் சொன்னார். இவர் ரொம்ப நேரம் உருட்டினார். "ரூபாய்க் காசு" என்றார். கண்ணைத் திறந்தால் பீரோச் சாவி. இருபத்து நாலு வருஷம் மற்றவர்கள் செய்ததையெல்லாம் தொட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொன்ன மனிதர், அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தார்.

"சார், இந்த மருந்து கேன்சர் செல்லை அடிக்குது. அதோட நரம்பு நுனியையும் தொடும். எவ்வளவு தொட்டிருக்குன்னு உடனே சொல்ல எங்ககிட்ட மீட்டர் இல்ல. ரத்தத்துல தெரியாது, ஸ்கேன்ல தெரியாது. நீங்க சொல்றதுதான் எங்களுக்கு மீட்டர். அந்த மீட்டரே பொய் சொன்னா நான் எதை வெச்சு டோஸ் போடுறது?"

இவர் தலை குனிந்து கேட்டார். "நிறுத்தினா திரும்ப வந்துடாதா மேடம்?"

"வரவே வராதுன்னு நான் எழுதித் தர முடியாது. எட்டு முடிச்சாலும் தர முடியாது. ஆனா இதுவரைக்கும் ஏறினது வீணில்ல. மாத்திரை தொடரும். டிரிப்பை மட்டும் நிறுத்துறோம். இதுக்கு மேல ஏத்தினா இந்தக் கை நிரந்தரமா இப்பிடியே நின்னுடலாம். இன்னொண்ணும் சொல்லிடுறேன். நிறுத்தின பிறகும் ரெண்டு மூணு மாசம் மரமரப்பு அதிகமாகும். அப்புறம்தான் மெதுவா இறங்கும். எவ்வளவு இறங்கும்னு இப்ப சொல்ல முடியாது."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் அவர் போய் முன்சீட்டில் உட்கார்ந்தார். ஓசூர் வரும்வரை அந்த மொட்டை மண்டையின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் முடி முளைத்து அரை விரல் நீளம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் வந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "காட்டிக் குடுத்துட்ட."

டாக்டரம்மா சொன்னபடியே மரமரப்பு கூடியது. பேனா விழுந்தது, போன் விழுந்தது, சோற்றைப் பிசைந்தால் விரல் இடுக்கில் நழுவியது. வேலைக்குத் திரும்பினார், ஆனால் காகிதம் பார்க்கிற மேசையில் உட்காரவைத்தார்கள். யாராவது ஒரு பாகத்தைக் கொண்டுவந்து நீட்டினால் கருவி வைத்துப் பாருங்கள் என்று திருப்பிவிடுவாராம். இதை அவரே சொல்லவில்லை. அவரோடு வேலை செய்கிறவரின் மனைவி பிளவுஸ் தைக்க வந்தபோது சொன்னாள்.

எனக்கு இரண்டு பயமும் சேர்ந்து வந்தது. கையும் திரும்பாமல், நோயும் திரும்பிவிட்டால் இரண்டுக்கும் நான்தானே காரணம்? மனசு தாங்காமல் ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "என் வீட்டுக்காரருக்குத் துரோகம் பண்ணிட்டேன் ஃபாதர்," என்று ஆரம்பித்துவிட்டு அழுதுவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பட்டன் விஷயம் வரைக்கும் நான் சொல்லி முடித்ததும் ஃபாதர் ஒரு நீண்ட மூச்சு விட்டது கேட்டது. இது பாவம் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். பரிகாரம்கூடக் கொடுக்கவில்லை.

அந்த மாதங்களில் பஜாரில் ஒரு நாள் பாத்திரக் கடையைக் கடந்தேன். தனியாக இருந்தேன். ஆறு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, ஒன்றையும் தடவிப் பார்க்காமல் ஐந்தே நிமிஷத்தில் வாங்கினேன். கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்து, "சார் வரலையா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். இத்தனை வருஷம் சலித்துக்கொண்ட அந்த ஒரு மணி நேரத்துக்காக அங்கேயே நின்று அழுதுவிடலாம் போல் இருந்தது. டம்ளர்களைக் கொண்டுவந்து பரணில் வைத்தேன்.

மாத்திரை முடிந்து எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா சிரித்தார், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் இவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். ஆனாலும் விரலைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குளிர் தொட்டால் சுரீர் என்பது மட்டும் எப்போதோ நின்றிருந்தது. ஃபிரிட்ஜில் சிவப்பு அட்டையை அவரே கழற்றிவிட்டார்.

அடுத்த மார்கழி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலை நேரத்தில் பரணிலிருந்து அந்த டம்ளர்களை இறக்கிக் கழுவி, ஒன்றில் காபி ஊற்றி மேசையில் வைத்தேன். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உறிஞ்சும் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். டம்ளரை வாய்வரை கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தியிருந்தார். கட்டைவிரல் விளிம்பில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் நின்றது. பின்னால் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

"இதுல பிசிறு இருக்குது," என்றார்.

பிசிறா, இல்லை அந்தப் பழைய மணலா? டம்ளரை வாங்கி நானும் விளிம்பைத் தடவினேன். ஊசி குத்திக் குத்தித் தோல் தடித்துப்போன விரல் என்னுடையது. ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மெஷினுக்கு ஓடிப் போய்க் கொஞ்சம் பஞ்சு நூல் பிய்த்துக்கொண்டு வந்தேன். அவர் காட்டிய இடத்துக்கு மூன்று விரற்கடை முன்னாலிருந்து விளிம்பின் மேல் நூலை மெல்ல இழுத்தேன். வழுக்கிக்கொண்டே வந்தது. வந்து, அவர் விரல் நின்ற அதே இடத்தில் ஒரு இழை மாட்டிக்கொண்டு நின்றது.

விட்டு இழுத்தேன். மறுபடியும் அங்கேதான் மாட்டியது.

அவர் எழுந்து மற்ற ஐந்து டம்ளர்களையும் எடுத்தார். ஒவ்வொன்றாக விரலை ஓட்டி, மூன்றை இந்தப் பக்கமும் இரண்டை அந்தப் பக்கமும் வைத்தார். "ஆறுல நாலு ரிஜெக்ட். கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டு வந்தியா?" என்று சத்தம் போட ஆரம்பித்தார். கடைக்காரனுக்கு நீ தனியாக வந்தது தெரிந்திருக்கும், ஒதுக்கி வைத்த சரக்கையெல்லாம் தலையில் கட்டிவிட்டான் என்றார். உதட்டை வைக்கிற பாத்திரம் என்றார். நான் கையில் நூலோடு நின்று எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டேன். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு ஏம்மா அழுவுற? கடையில மாத்திக் குடுப்பாங்க. சாயங்காலம் நானும் வரேன்," என்றார்.